ஆசியாவுக்கு எந்த வாசல்? பந்தாட்டக் கேள்வி பதில்

போன இதழில் ஆசிய கிளப் போட்டிகளைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நீரோடியிலிருந்து முட்டம் வரையுள்ள கடற்கரை ஊர்களிலிருந்து. எல்லாவற்றுக்கும் இடம் இல்லை. ஒரே விஷயத்தைச் சுற்றி வந்த கேள்விகளை மட்டும் சேர்த்து இந்த முறை பதில் சொல்கிறேன்.

அண்ணே, 2024-25 சீசன்ல பிரீமியர் லீக்ல டாட்டன்ஹாம் 17-வது இடம். கீழே இருந்து எண்ணினா நாலாவது. அவங்க எப்படி அடுத்த வருஷம் சாம்பியன்ஸ் லீக் ஆடுறாங்க? எங்க கடையில இதுக்காக பெரிய சண்டையே நடந்துச்சு. (சின்னத்துறை வாசகர்)

சண்டைக்கு நியாயமான காரணம்தான். லீக் அட்டவணையில் மேலே இருந்தால் போகலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த வாசல். உள்நாட்டுக் கோப்பை ஜெயிப்பது இரண்டாவது வாசல். இது தவிர இன்னொன்று இருக்கிறது: கண்ட அளவிலான சின்னப் போட்டியை ஜெயித்தவர்களுக்கு அடுத்த வருஷம் பெரிய போட்டியில் இடம். டாட்டன்ஹாம் அந்த வழியாகத்தான் போனார்கள். 2025 மே மாதம் பில்பாவோவில் நடந்த யூரோப்பா லீக் இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று ஜெயித்தார்கள், அந்த ஒரே கோலில் 17-வது இடம் கணக்கிலேயே வராமல் போய்விட்டது.

அதே சீசனில் இதற்கு நேர் எதிராகவும் ஒன்று நடந்தது, உங்கள் கடையில் அதையும் பேச வேண்டும். கிரிஸ்டல் பேலஸ் இங்கிலாந்தின் உள்நாட்டுக் கோப்பையான எஃப்ஏ கோப்பையின் இறுதியில் மான்செஸ்டர் சிட்டியை ஜெயித்து யூரோப்பா லீக்குக்குத் தகுதி பெற்றார்கள். ஆனால் பேலஸில் பங்கு வைத்திருந்தவரே பிரான்ஸின் லியோன் கிளப்பையும் கையில் வைத்திருந்தார். ஒரே ஆளின் பிடியில் இருக்கும் இரண்டு கிளப்புகள் ஒரே ஐரோப்பியப் போட்டியில் ஆடக் கூடாது, அந்தப் பங்கு விவகாரத்தைக் குறிப்பிட்ட தேதிக்குள் முடித்திருக்க வேண்டும். முடிக்கவில்லை. பேலஸை அதற்கும் கீழே உள்ள கான்ஃபரன்ஸ் லீக்குக்கு இறக்கிவிட்டார்கள். வெம்பிளியில் ஓடி ஜெயித்த பையன்களின் மேல் ஒரு தப்பும் இல்லை, தவறியது பத்திரங்களில். தகுதி என்பது பாதி மைதானத்தில், மீதி பாதி ஆபீசில் முடிவாகிறது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். கீழே வரும் பதில்களிலும் இதே கதை வரும்.

ஐரோப்பாவை விடுங்க, ஆசியாவில எப்படி? நம்ம நாட்டுக்கு எத்தனை இடம்? (குளச்சல் வாசகர்)

2024-25-லிருந்து ஆசியாவிலும் மூன்று அடுக்கு. மேலே ஏஎஃப்சி (ஆசியக் கால்பந்து சம்மேளனம்) சாம்பியன்ஸ் லீக் எலைட், தொடங்கியபோது 24 கிளப்புகள், மேற்கு ஆசியாவுக்கு 12, கிழக்கு ஆசியாவுக்கு 12. அதற்குக் கீழே சாம்பியன்ஸ் லீக் டூ, நாலு நாலாகப் பிரித்து 32 கிளப்புகள். அடியில் சேலஞ்ச் லீக், 20 கிளப்புகள். எந்த நாட்டுக்கு எந்த அடுக்கில் எத்தனை இடம் என்பதை, அந்த நாட்டு கிளப்புகள் எல்லாம் சேர்ந்து முந்தைய சீசன்களில் ஆசியப் போட்டிகளில் எடுத்த புள்ளிகளை வைத்து தரவரிசை போட்டுத் தீர்மானிக்கிறார்கள். சவுதி, ஜப்பான், கொரியா போன்ற நாடுகளிலிருந்து எலைட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கிளப்புகள் நேராகப் போகும். இந்தியாவுக்கு அங்கே ஒரு இடம்கூட இல்லை.

நமக்குக் கிடைத்தது இரண்டாம் அடுக்குதான். 2024-25, 2025-26 இரண்டு சீசன்களிலும் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) லீக் ஷீல்டு ஜெயித்த அணிக்கு சாம்பியன்ஸ் லீக் டூவின் குரூப்பில் நேரடி இடம், உள்நாட்டுக் கோப்பையான சூப்பர் கப் ஜெயித்த அணிக்கு முதலில் ஒரு தகுதி ஆட்டம். ஷீல்டு என்பதைக் கவனியுங்கள். பிளே-ஆஃப், ஃபைனல் எல்லாம் ஆடித் தூக்கும் கோப்பை வேறு, லீக் சுற்றில் முதலிடம் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் ஷீல்டு வேறு. 2019-20-இல் ஃபைனலில் சென்னையின் எஃப்சியை 3-1 என்று ஜெயித்து கோப்பை தூக்கியது ஏடிகே. ஷீல்டு எஃப்சி கோவாவிடம். அதனால் 2021 ஆசிய சாம்பியன்ஸ் லீக் குரூப்பில் ஆடிய முதல் இந்திய கிளப் என்ற பெருமை கோவாவுக்குப் போனது, கோப்பை வைத்திருந்தவர்களுக்கு அப்போதைய இரண்டாம் அடுக்கான ஏஎஃப்சி கப்தான். அந்த ஏடிகே அணியில் நம்ம இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இருந்தார் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும்.

தகுதி ஆட்டம் என்றால் ஒரே ஒரு ஆட்டம், மறு ஆட்டம் கிடையாது. 2024 ஆகஸ்டில் ஈஸ்ட் பெங்கால் அந்த ஒற்றை ஆட்டத்தில் துர்க்மெனிஸ்தானின் அல்டின் அசிரிடம் 2-3 என்று தோற்று சேலஞ்ச் லீக்குக்கு இறங்கினார்கள். இறங்கிப் போய் பூட்டானின் திம்புவில் வங்கதேசத்தின் பசுந்தரா கிங்ஸை 4-0, லெபனானின் நெஜ்மேயை 3-2 என்று ஜெயித்து காலிறுதி வரை போனது தனிக் கதை. அடுத்த வருஷம் அதே வாசலில் நின்ற எஃப்சி கோவா ஓமனின் அல் சீபை 2-1 என்று ஜெயித்தார்கள், ரொனால்டோவின் சவுதி கிளப்பான அல் நஸ்ர் இருந்த குரூப்புக்குள் போனார்கள். 2025 அக்டோபரில் கோவாவின் ஃபத்தோர்டா மைதானத்துக்கு ரொனால்டோ வரவில்லை என்று நம்ம ஊரிலும் பலருக்கு வருத்தம். எனக்கு அந்த ராத்திரியில் நினைவில் நிற்பது கோவாப் பையன் பிரைசன் ஃபெர்னாண்டஸ் அடித்த கோல்தான். 1-2 என்று தோற்றாலும், அல் நஸ்ர் வலைக்குள் ஒரு இந்தியப் பையனின் பந்து போனது.

மோகன் பகான் ரெண்டு தடவை ஈரானுக்குப் போகமாட்டேன்னுட்டாங்க. எங்க ஊர்ல எத்தனையோ பேரு கீஷ் தீவுல போட்டுக்குப் போய் மீன் புடிச்சு குடும்பத்தைக் காப்பாத்துறாங்க. இவங்களுக்கு மட்டும் என்ன? (தூத்தூர் வாசகர்)

தம்பி, உங்கள் கோபம் புரிகிறது. 2020-இல் ஈரானில் மாட்டிக்கொண்ட நம்ம ஆட்களைக் கடற்படைக் கப்பல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து இறக்கிய நாளை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. ஆனால் ஆட்டக்காரர்களின் பயத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 2024-இல் தப்ரீஸில் டிராக்டர் கிளப்போடு ஆட்டம் அக்டோபர் 2, அதற்கு முந்தின ராத்திரிதான் ஈரான் இஸ்ரேல் மேல் ஏவுகணை விட்டது. அந்த விமானத்தில் ஏறு என்று எந்தத் தாயும் தன் பிள்ளையிடம் சொல்லமாட்டாள். 2025 செப்டம்பரில் ஈரானின் செபஹான் கிளப்போடு இருந்த ஆட்டத்துக்கும் அணி போகவில்லை, வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் தங்கள் நாட்டு அரசுகளின் எச்சரிக்கையைக் காட்டினார்கள்.

என் வருத்தம் வேறு இடத்தில். போகாவிட்டால் விலகிவிட்டதாகத்தான் ஏஎஃப்சி எடுத்துக்கொள்ளும், அதுவரை ஆடிய ஆட்டமும் அழிந்துவிடும். 2024-இல் கொல்கத்தாவில் தஜிகிஸ்தானின் ராவ்ஷன் கிளப்போடு போராடி எடுத்த 0-0 டிராவும் கணக்கிலிருந்து போனது. அந்தப் புள்ளி மோகன் பகானுக்கு மட்டும் சொந்தமானது இல்லை, மேலே சொன்ன நாட்டுத் தரவரிசையில் கோவாவுக்கும் சென்னைக்கும் கேரளாவுக்கும் அதில் பங்கு உண்டு. ஒரு கிளப் ஒரு குரூப்பையே இழந்தால் நாலு வருஷம் கழித்து யாரோ ஒரு கிளப்புக்கு ஒரு இடம் குறையலாம். அந்த இடத்தில் ஆடியிருக்க வேண்டிய பையன் உங்கள் ஊர்க்காரனாகவும் இருக்கலாம். இப்படி ஒரு நிலைமை வரும் என்று தெரிந்த குரூப்பில், ஆட்டத்தைப் பொதுவான நாட்டில் வைக்க முன்கூட்டியே பேசி முடித்திருக்க வேண்டும். பையன்கள் பயத்துக்கும் தண்டனைக்கும் நடுவே நின்றது சரியில்லை.

தமிழ்நாட்டு கிளப் எதுவாவது ஆசியப் போட்டி ஆடியிருக்கா? எங்க வீட்டில யாரும் நம்பமாட்டேங்கிறாங்க. (நாகர்கோவில் வாசகி)

இரண்டு கிளப்புகள் ஆடியிருக்கின்றன, வீட்டில் தைரியமாகச் சொல்லுங்கள். சென்னையின் எஃப்சி 2018-இல் ஐஎஸ்எல் ஜெயித்து 2019 ஏஎஃப்சி கப்புக்குப் போனார்கள். முதலில் இலங்கையின் கொழும்பு எஃப்சியோடு தகுதிச் சுற்று, அப்போது அது இரண்டு ஆட்டம், கொழும்பில் 0-0, இங்கே 1-0. இங்கே என்றால் சென்னையில் இல்லை, அகமதாபாத்தில்.

அப்புறம் சென்னை சிட்டி. பெயரில்தான் சென்னை, ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். 2019 மார்ச் 9, கடைசி நாள் ஆட்டத்தில் மினர்வாவை 3-1 என்று ஜெயித்து, ஐஎஸ்எல் தவிர நாட்டில் இருந்த இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கில் சாம்பியன் ஆனார்கள். சூசைராஜ் அதற்கு முந்தைய சீசனில் இந்த கிளப்புக்கு ஆடிவிட்டுத்தான் ஜாம்ஷெட்பூர் போயிருந்தார். அப்போது ஐ-லீக் சாம்பியனுக்கு ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றில் இடம் உண்டு. 2020 ஜனவரியில் பஹ்ரைன் போய் ரிஃபா கிளப்போடு ஆடினார்கள். 0-1. அவ்வளவுதான் சாம்பியன்ஸ் லீக். அதிலிருந்து ஏஎஃப்சி கப் குரூப்புக்கு வந்தார்கள், மார்ச் 11-இல் மாலத்தீவின் மாசியாவோடு 2-2. அதுவும் சொந்த மைதான ஆட்டம், அதுவும் அகமதாபாத்தில்! இரண்டு தமிழ்நாட்டு கிளப்புகளும் ஆசிய ஆட்டத்துக்கு குஜராத்தைத் தேடிப் போக வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் ஆறாத விஷயம். கோவையில் அந்த அணிக்காகக் கத்திய ஜனங்கள் மாசியாவைப் பார்க்கவே இல்லை. சில நாளில் கொரோனா வந்து போட்டி நின்றது, பிறகு ரத்து. அடுத்தடுத்த வருஷங்களில் அந்த கிளப்பே தேசிய லீக்கில் இல்லாமல் போய்விட்டது. சாம்பியன் ஆன அணி, மூன்று வருஷத்துக்குள் லீக்கிலேயே இல்லை.

எங்க ஊர் டீம் திருவிழா டோர்னமெண்டுகள்ல வரிசையா கப் அடிக்குது. கேரளாக்காரங்க வந்தாலும் ஜெயிக்கிறோம். நாங்க ஆசியப் போட்டி ஆடணும்னா என்ன பண்ணணும்? சிரிக்காம பதில் சொல்லுங்க. (இனயம் வாசகர்)

சிரிக்க இதில் ஒன்றும் இல்லை. இந்தக் கரையில் கடல் வாங்கிய நேரத்தில் ஈர மணலில், வலைக்கம்பு இரண்டை நட்டு கோல் போஸ்ட் வைத்துப் பழகிய கால்களை நான் பார்த்திருக்கிறேன். மணலில் ஓடிப் பழகியவனைப் புல்லில் பிடிப்பது கஷ்டம். ஆட்டத்தில் குறை இல்லை.

வழியைச் சொல்கிறேன், நீளமானது. மாவட்ட லீக், மாநில அளவு, அதற்கு மேல், 2025 வரை இருந்த பெயர்களில், ஐ-லீக் 3, ஐ-லீக் 2, ஐ-லீக், கடைசியில் ஐஎஸ்எல். கதவு திறந்திருக்கிறது, பொய் இல்லை: 2023-இல் பஞ்சாப், 2024-இல் முகமதன், 2025-இல் இன்டர் காசி என்று ஐ-லீக் ஜெயித்தவர்கள் ஐஎஸ்எல்லுக்கு ஏறியிருக்கிறார்கள். காசிக்கு அந்தப் பட்டம் சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் வரை வழக்காடித்தான் கிடைத்தது, புள்ளிப் பட்டியலில் சர்ச்சில் பிரதர்ஸைத்தான் முதலில் சாம்பியன் என்று அறிவித்திருந்தார்கள்.

ஆனால் நீங்கள் நிற்கப் போகும் இடம் ஏணியில் இல்லை, லைசென்சில். ஏஎஃப்சி போட்டி ஆட கிளப் லைசென்ஸ் வேண்டும், அதை தேசிய சம்மேளனம் பரிசோதித்துக் கொடுக்கும். அதில் என்ன கேட்பார்கள் என்று உங்கள் திருவிழா டீமையே வைத்துப் பாருங்கள். டீமில் பதினாறு பேர். அதில் நாலு பேர் ஃபைனலுக்காக வெளியூரிலிருந்து வந்தவர்கள், ஆட்டம் முடிந்ததும் கையில் பணம், வண்டி ஏறிவிடுவார்கள், போன வாரம் இதே ஆட்கள் எதிர் டீமுக்கு ஆடியிருப்பார்கள். லைசென்ஸ்காரர் கேட்கும் முதல் காகிதம் ஒவ்வொரு ஆட்டக்காரரின் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். அடுத்தது யாருக்கும் சம்பள பாக்கி இல்லை என்பதற்கான கணக்கு, ஆடிட்டர் பார்த்து முத்திரை வைத்தது. தலைமைக் கோச்சிடம் ப்ரோ லைசென்ஸ் அல்லது அதற்குச் சமமான தகுதி இருக்க வேண்டும். வயதுவாரியாகச் சின்னப் பையன்களின் அணிகள், அவர்களுக்குத் தகுதியுள்ள கோச், டாக்டர், பிசியோ, பாதுகாப்பு அதிகாரி. மைதானம் உங்களுடையது அல்லது எழுத்துபூர்வமாக உங்களுக்கு உறுதி செய்யப்பட்டது, ராத்திரி ஆட்டத்துக்கு டிவி தரத்தில் வெளிச்சம், ஊக்கமருந்து சோதனைக்குத் தனி அறை. கிளப் சட்டப்படி பதிவான அமைப்பாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

இதில் பணம் தேவைப்படுபவை நிறைய, உண்மை. ஆனால் பணமே தேவையில்லாதவையும் இருக்கின்றன, அங்கேதான் நம்ம ஊர்கள் ஏமாறுகின்றன. கிளப்பைப் பதிவு செய்யலாம். வரவு செலவு நோட்டு வைக்கலாம். ஆட்டக்காரர்களை மாவட்டச் சங்கம் வழியாகப் பதிவு செய்யலாம். 13 வயதுக்குக் கீழே ஒரு அணி, 15-க்குக் கீழே ஒரு அணி நடத்தலாம், ஊரில் ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களுக்கா பஞ்சம்? ஒருவரை முதல் நிலை கோச்சிங் கோர்ஸுக்கு ஊர்ப்பணத்தில் அனுப்பலாம். திருவிழாவில் வாணவேடிக்கைக்குச் செலவாவதில் ஒரு பங்கு போதும் என்று நான் சொன்னால் கமிட்டிக்காரர்கள் கோபப்படுவார்கள், பரவாயில்லை, சொல்கிறேன்.

இன்னொன்றையும் தெரிந்து வையுங்கள். நேரடி இடம் வேண்டுமென்றால் ஒரு சீசனில் ஒரு கிளப் உள்நாட்டில் குறைந்தது 24 ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும் என்கிறது ஏஎஃப்சி. 2025-இல் ஐஎஸ்எல் உரிமை ஒப்பந்தம் முடியப்போகும் இழுபறியில் டிசம்பர் வரை லீக் தொடங்கவே இல்லை, சூப்பர் கப் மட்டும் நடந்தது, அதிலும் கோவாவே ஜெயித்தார்கள். லீக் ஒழுங்காக நடந்தால்தான் அந்த 24 வரும். மேலே உட்கார்ந்திருப்பவர்கள் தேதி குறிக்காத ஒவ்வொரு மாதமும் கீழே இனயத்துப் பையனின் வழியும் நீள்கிறது.

பொம்பளைப் பிள்ளைகளுக்கு இப்படி ஆசியப் போட்டி உண்டா? (மார்த்தாண்டத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

உண்டும்மா. 2024-25-லிருந்து பெண்களுக்கும் ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக் முறையாக நடக்கிறது, இந்தியப் பெண்கள் லீக் சாம்பியனுக்கு அதில் வாசல். முதல் சீசனில் ஒடிஷா, அடுத்த சீசனில் ஈஸ்ட் பெங்கால், இரண்டுமே தகுதிச் சுற்றைத் தாண்டி குரூப்புக்குப் போயின. 2025 நவம்பரில் சீனாவின் வுஹானில் ஈஸ்ட் பெங்கால் பெண்கள் ஈரானின் பாம் காத்தூனை 3-1 என்று ஜெயித்தார்கள்.

மதுரையின் சேது எஃப்சி 2018-19-இல் இந்தியப் பெண்கள் லீக் சாம்பியன். அந்த வருஷம் ஆசியாவில் பெண்கள் கிளப் போட்டி சோதனை முறையில் ஜப்பான், சீனா, கொரியா, ஆஸ்திரேலியா கிளப்புகளுக்கு மட்டும் நடந்தது, நம்ம பெண்கள் போக வாசலே இல்லை. வாசல் வந்தபிறகு மனதை உடைத்தது 2022. கோகுலம் கேரளா பெண்கள் தாஷ்கண்ட்டில் போய் இறங்கிவிட்டார்கள், அதே நாட்களில் நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்று ஃபிஃபா இந்திய சம்மேளனத்தை இடைநீக்கம் செய்துவிட்டது. ஆகஸ்ட் 15-இல் தடை, 26-இல் நீக்கம். நடுவில் அவர்களுடைய போட்டி கைவிட்டுப் போனது. ஒரு பந்தைக்கூட உதைக்காமல் திரும்பினார்கள். நிர்வாகிகளின் சண்டைக்கு அந்தப் பிள்ளைகள் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

ஆசியப் போட்டியில எத்தனை வெளிநாட்டுக்காரங்களை இறக்கலாம்? (பஹ்ரைனில் வேலை பார்க்கும் கடியப்பட்டணம் வாசகர்)

2024-25-லிருந்து எலைட்டிலும் டூவிலும் கட்டுப்பாடு இல்லை, பதினொன்றும் வெளிநாட்டுக்காரர்களாக இருக்கலாம். ஐஎஸ்எல்லில் ஒரே நேரத்தில் நாலு பேர்தான் களத்தில். இந்த வித்தியாசத்தால் நம்ம கிளப்புகள் அங்கே போய் நிற்கும்போது எதிரில் பாதி ஐரோப்பாவே நிற்கும். எனக்கு இந்தத் தளர்வு பிடிக்கவில்லை, பணக்கார லீக்குகளுக்காகச் செய்தது.

என் மகனுக்கு 12 வயசு, நல்லா ஆடுறான். பெரிய அகாடமிக்கு அனுப்பும் வரைக்கும் ஊர் டீம்ல சும்மா ஆடட்டும்னு விட்டிருக்கேன். சரிதானே? (முட்டத்திலிருந்து ஒரு அப்பா)

ஆடட்டும், ஆனால் சும்மா ஆட வேண்டாம். ஊர் கிளப் சங்கத்தில் சேர்ந்த கிளப்பாக இருந்தால், இந்த வருஷமே பையனின் பெயரை முறையாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும், இனிஷியல் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள், வயது சரிபார்க்கும் இடத்தில் எத்தனையோ நல்ல பையன்கள் இதனால் திரும்பியிருக்கிறார்கள்.

பதிவில் ஊருக்கும் லாபம் உண்டு. ஃபிஃபா விதிப்படி ஒரு ஆட்டக்காரர் ஒப்பந்தக் காலத்துக்குள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்குப் பணம் கொடுத்து மாற்றப்பட்டால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எந்த வருஷம் எந்த கிளப்பில் இருந்தார் என்பதை அவருடைய பதிவுச் சீட்டை வைத்துத்தான் பார்ப்பார்கள். உங்கள் மகனுக்கு அந்தக் கணக்கு தொடங்கும் வயது இதுதான். அடுத்த பதிவுக் காலம் எப்போது என்று மாவட்டச் சங்கத்தில் கேட்டு வையுங்கள், கிளப் செயலாளரையும் கூடவே அழைத்துப் போங்கள்.